விர்ச்சுவல் டேபிள்டாப் விளையாட்டை நடத்தும் ஏஐ ஏஜென்ட்டுக்கு டூல் விளக்கம் எழுதுவது எப்படி?

பகடை உருட்டுவது, டோக்கனை (பாத்திரத்தைக் குறிக்கும் காயை) நகர்த்துவது, யாருக்கு எவ்வளவு ஹெச்பி (உயிர்ப் புள்ளி) மிச்சம் என்று கணக்கு வைப்பது என டேபிள்டாப் ரோல்-ப்ளே விளையாட்டுகளைக் கணினியில் ஆட உதவும் ஃபவுண்ட்ரி, ரோல்20 போன்ற தளங்களில் ஆட்டத்தை நடத்தும் கேம் மாஸ்டருக்கு வேலை கழுத்தை நெரிக்கும். இதில் ஒரு பங்கை ஏஐ ஏஜென்ட்டிடம் ஒப்படைக்க விரும்புபவர்கள், டூலின் (ஏஜென்ட் அழைத்து வேலை வாங்கும் சிறு நிரலின்) கோடை எழுதி முடித்த கையோடு விளக்கத்துக்கு ஒரே ஒரு வரி எழுதிவிட்டுப் போய்விடுகிறார்கள். ஏஜென்ட் உங்கள் கோடைப் படிப்பதில்லை. டூலின் பெயர், விளக்கம், இன்புட் வடிவம் இவை மட்டும்தான் அதன் கைக்குப் போகின்றன. 2024 நவம்பரில் ஆந்த்ரோபிக் வெளியிட்ட, ஏஐயை வெளி டூல்களோடு இணைக்கும் மாடல் கான்டெக்ஸ்ட் ப்ரோட்டோகாலிலும் அடிப்படை இதுதான். இன்புட் வடிவத்தை, எந்த இன்புட் என்ன வகை என்று விவரிக்கும் ஜேசன் ஸ்கீமாவில் எழுத வேண்டும்.

படி 1: டூல்களைப் பிரியுங்கள்

ஒரு டூலுக்கு ஒரு வேலை. 'மேனேஜ்_டோக்கன்' என்று வைத்து நகர்த்தல், அழித்தல், ஹீலிங் எல்லாவற்றையும் அதில் திணிக்காதீர்கள். கெட்_சீன், ரோல்_டைஸ், மூவ்_டோக்கன், அப்ளை_டேமேஜ், ஹீல்_டோக்கன், நெக்ஸ்ட்_டர்ன் என்று பிரித்தால் பெயரிலேயே பாதி விளக்கம் வந்துவிடும்.

படி 2: விளக்கம் எழுதுங்கள்

அதிக நேரம் செலவிட வேண்டிய இடம் இதுதான். அப்ளை_டேமேஜுக்குப் பலரும் எழுதுவது: "டோக்கனுக்கு டேமேஜ் கொடுக்கும்." பெயரே சொல்லிவிட்டதை மறுபடியும் சொல்வதில் பயனில்லை. இப்படி எழுதிப் பாருங்கள்:

"ஒரு டோக்கனின் ஹெச்பியைக் குறைக்கும். இது பகடை உருட்டாது. ரோல்_டைஸில் எண் கிடைத்த பிறகு அழைக்கவும். ரெசிஸ்டன்ஸ் இருந்தால் டூலே பாதியாக்கிக்கொள்ளும். ரெசிஸ்டன்ஸுக்காகக் குறைக்காமல் எண்ணை அனுப்பவும். தற்காலிக ஹெச்பி இருந்தால் முதலில் அதில் கழியும். ஹெச்பி 0-க்குக் கீழே போகாது. ஹீலிங்குக்கு ஹீல்_டோக்கனைப் பயன்படுத்தவும்."

ரெசிஸ்டன்ஸ் (ஒரு வகை டேமேஜைப் பாதியாகக் குறைக்கும் தன்மை) பற்றிய வரியைக் கவனியுங்கள். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாட்டின் ஐந்தாம் பதிப்பு விதிகள் பெரும்பாலான ஏஐ மாடல்களுக்கு ஓரளவு தெரியும். இந்த வரி இல்லாவிட்டால், நெருப்புக்கு ரெசிஸ்டன்ஸ் உள்ள எதிரி மேல் 17 டேமேஜ் விழுந்தால் பாதியாக்கி, பின்னத்தை விட்டு, 8 என்று ஏஜென்ட்டே கணக்குப் போட்டு அனுப்பும். டூல் அதையும் பாதியாக்கி 4 கழிக்கும். விழ வேண்டிய எதிரி எழுந்து நிற்பான், ஆட்டக்காரர்களுக்கு அநியாயம் நடக்கும். ஏஜென்ட்டுக்கு விதி தெரிந்திருப்பதாலேயே வரும் சிக்கல் இது. அதனால் எந்தக் கணக்கை டூல் போடும், எதை ஏஜென்ட் போட வேண்டும் என்பதை ஒவ்வொரு விளக்கத்திலும் பிரித்துச் சொல்லிவிடுங்கள்.

படி 3: இன்புட்களை விளக்குங்கள்

முதலில் அடையாளம். ஃபவுண்ட்ரியில் ஒரே ஆக்டரிலிருந்து (பாத்திரத்தின் மூலப் பதிவிலிருந்து) மூன்று கோப்ளின் டோக்கன்களைக் களத்தில் வைக்கலாம். ஆக்டரோடு இணைக்காத டோக்கன் ஒவ்வொன்றுக்கும் தனி ஹெச்பி உண்டு. "கோப்ளின்" என்று பெயரை மட்டும் வாங்கினால் எந்தக் கோப்ளின்? டோக்கன் ஐடியை வாங்குங்கள். "ஐடியை ஊகிக்க வேண்டாம், கெட்_சீனிலிருந்து எடுக்கவும்" என்றும் சேர்த்துவிடுங்கள்.

அடுத்தது அலகு. 'தூரம்: 30' என்றால் அடியா, கட்டமா, பிக்சலா? ஒரு கட்டம் 5 அடி, 100 பிக்சல் என்று அமைத்த காட்சியில் 30 அடி என்பது 6 கட்டம், அதாவது 600 பிக்சல். அலகை இன்புட் பெயரிலேயே வைப்பது என் பரிந்துரை: 'தூரம்_கட்டங்களில்'.

டேமேஜ் எண்ணுக்குக் குறைந்தபட்சம் 1 என்று ஸ்கீமாவிலேயே கட்டுங்கள். இல்லையென்றால் மைனஸ் 5 டேமேஜ் என்பது ஹீலிங்காகிவிடும்.

படி 4: விடையும் பிழையும்

வெற்றி என்றால் பழைய ஹெச்பி, புதிய ஹெச்பி இரண்டையும் திருப்பி அனுப்புங்கள். பிழை என்றால் வெறும் எண் போதாது, "இந்த டோக்கன் இப்போதைய காட்சியில் இல்லை. கெட்_சீனை மறுபடி அழைக்கவும்" என்று அடுத்த வழியைச் சொல்லுங்கள்.

நெட்வொர்க் தாமதத்தில் விடை வராமல் போனால் ஏஜென்ட் மறுபடி அழைக்கும், டேமேஜ் இரண்டு தடவை கழியும். ஒவ்வொரு அழைப்புக்கும் ஒரு கோரிக்கை ஐடி வாங்கி, அதே ஐடி திரும்ப வந்தால் கழிக்காமல் பழைய விடையையே கொடுங்கள். "மறுமுயற்சியில் அதே கோரிக்கை ஐடியை அனுப்பவும்" என்ற வரி விளக்கத்தில் இருந்தால்தான் இந்த ஏற்பாடு வேலை செய்யும்.

படி 5: ரகசியங்கள்

மறைந்திருக்கும் பொறி, எதிரியின் ஹெச்பி போன்றவை கேம் மாஸ்டருக்கு மட்டும் உரியவை. "ஆட்டக்காரர்களிடம் சொல்ல வேண்டாம்" என்று எழுதுங்கள், ஆனால் அதை மட்டும் நம்பாதீர்கள். ஆட்டக்காரர்களோடு பேசும் ஏஜென்ட்டுக்கு அந்தத் தகவலே போகாதபடி கோடில் தடுங்கள்.

படி 6: சோதியுங்கள்

புதிய உரையாடலில் டூல் விளக்கங்களை மட்டும் கொடுத்து, "மந்திரவாதி மூன்று கோப்ளின்கள் மேல் ஃபயர்பால் வீசுகிறார்" என்று சொல்லுங்கள். கெட்_சீன், 8டி6 (எட்டு ஆறுமுகப் பகடை) டேமேஜ் ரோல், ஒவ்வொரு கோப்ளினுக்கும் டெக்ஸ்டெரிட்டி சேவ் (தப்பிக்கப் பகடை உருட்டல்), பிறகு மூன்று தனித்தனி அப்ளை_டேமேஜ் என்று போகிறதா பாருங்கள். சேவில் தப்பிய கோப்ளினுக்குப் பாதி டேமேஜ்தான். அந்தப் பாதியை யார் கணக்குப் போடுவது என்று மேலே நாம் எழுதிய விளக்கம் சொல்லவில்லை; ஏஜென்ட் தடுமாறுவது அங்கேதான் இருக்கும். "சேவ் பாதியை ஏஜென்ட் கழித்து அனுப்பவும்; ரெசிஸ்டன்ஸ் பாதி மட்டும் டூலின் வேலை" என்று சேர்த்துவிட்டு, இன்னொரு புதிய உரையாடலில் அதே ஃபயர்பாலை வீசிப் பாருங்கள்.