பந்தயத்துக்கு முன் பாதையைப் பார்த்து வைப்பது எப்படி

தென்னாப்பிரிக்காவில் டர்பன், பீட்டர்மாரிட்ஸ்பர்க் பக்கம் மலை சைக்கிள் பந்தயத்துக்குப் பெயர் கொடுத்திருக்கிறீர்களா? முதல் நாளே போய்ப் பாதையை ஒரு சுற்று பார்த்துவிடுங்கள். 2013இல் மலை சைக்கிள் உலக சாம்பியன்ஷிப் நடந்த பீட்டர்மாரிட்ஸ்பர்க் காஸ்கேட்ஸ் பூங்கா மாதிரி இடத்தில் எங்கே பாறை, எங்கே பள்ளம் என்று தெரியாமல் இறங்குவது வம்பை விலைக்கு வாங்குவதுதான்.

முதல் சுற்று மெதுவாக. பயமுறுத்தும் இறக்கம் வந்தால் சைக்கிளைச் சாத்திவிட்டு நடந்து இறங்கி, கீழே நின்று மேலே திரும்பிப் பாருங்கள். மேலிருந்து தெரியாத வேரும் முன்சக்கரம் மாட்டிக்கொள்ளும் குழியும் அங்கிருந்துதான் கண்ணில் படும். அப்புறம் ஓரமாக நின்று நாலு பேர் எப்படி இறங்குகிறார்கள், முக்கியமாக பிரேக்கை எங்கே விடுகிறார்கள் என்று கவனியுங்கள். பிறகு அந்தத் துண்டை மட்டும் இரண்டு மூன்று தடவை ஓட்டிப் பழகுங்கள். சரிப்படவில்லையா? பக்கத்தில் சுற்றிப்போகும் சுலபமான வழி இருந்தால் வெட்கப்படாமல் அதையே எடுங்கள். டர்பன் சாட்ஸ்வொர்த் பகுதி நண்பர்கள் கிண்டல் செய்வார்கள், செய்யட்டும்.

கிளம்பும் இடத்திலிருந்து முதல் ஒற்றையடிப் பாதை எவ்வளவு தூரம் என்றும் பார்த்து வையுங்கள், அதற்குள் முந்தாவிட்டால் வரிசையில் மாட்டிக்கொள்வீர்கள். தண்ணீர் குடிக்க ஏற்ற சமதளம் எது என்பதும் தெரிந்திருக்க வேண்டும்.

கோடையில் இங்கே மத்தியானத்துக்கு மேல் இடிமழை கொட்டும், காய்ந்து கிடந்த மண் வெண்ணெயாக வழுக்கும். அதனால் பந்தயத்தன்று காலையில் கடினமான இடத்தை மட்டும் இன்னொரு முறை நடந்து பார்த்துவிட்டு, ஈரமாக இருந்தால் டயரில் காற்றைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள்.