ஆம்ப்ளிஃபையருக்கு பவர் கார்டு வாங்குவது எப்படி? முதல்முறை வாங்குவோருக்கான செய்முறை

ஸ்பீக்கரையும் ஆம்ப்பையும் பார்த்துப் பார்த்து வாங்கிவிட்டு, வீட்டில் கிடந்த ஏதோ ஒரு கம்ப்யூட்டரின் பவர் கார்டை (சுவர் சாக்கெட்டிலிருந்து கருவிக்குப் போகும் கரண்ட் வயரை) எடுத்துச் செருகுபவர்கள் உண்டு. கார்டுக்கென்றே பல ஆயிரம் கொடுப்பவர்களும் உண்டு. பவர் கார்டுக்கு வேலை மூன்றுதான்: சூடேறாமல் கரண்டைக் கொண்டுபோக வேண்டும், இரண்டு முனையிலும் ஆடாமல் உட்கார வேண்டும், எர்த்தைக் கருவி வரை கொண்டுசேர்க்க வேண்டும். நல்ல கார்டு என்பது இந்த மூன்றையும் ஒழுங்காகச் செய்யும் கார்டு.

படி 1: கருவியின் பின்பக்கத்தைப் பாருங்கள்

கார்டு செருகும் பள்ளத்தில் மூன்று பின் இருந்தால் பெரும்பாலும் அது சி13 கார்டு கேட்கும் இடம். டெஸ்க்டாப் கம்ப்யூட்டருக்கு வருவதும் இதே வகைதான். 10 ஆம்ப்ஸ் (கரண்டின் அளவு) வரை தாங்கும். பள்ளம் இன்னும் பெரிதாக, பின்கள் தடித்து இருந்தால் அது 16 ஆம்ப்ஸ் சி19. பெரும்பாலும் பெரிய பவர் ஆம்ப்களில்தான் பார்க்கலாம். சிறிய ஸ்ட்ரீமர் (இணையத்திலிருந்து பாட்டு எடுக்கும் பெட்டி), டிவிடி பிளேயரில் எட்டு வடிவப் பள்ளம் இருக்கும். அதற்கு 2.5 ஆம்ப்ஸ் சி7. அந்தக் கருவியில் சதுரத்துக்குள் சதுரம் போட்ட குறி இருந்தால் அது இரட்டை இன்சுலேஷன். அதற்கு எர்த் வயர் வேண்டாம்.

அப்படியே வோல்டேஜையும் படித்துவிடுங்கள். ஜப்பானில் வாங்கியது 100 வோல்ட், அமெரிக்காவில் வாங்கியது 120 வோல்ட் என்று இருக்கலாம். அதை நம் 230 வோல்ட்டில் பிளக் மட்டும் மாற்றிச் செருகினால் கருவி போய்விடும். அதற்குத் தனியாக ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும்.

படி 2: கரண்டைக் கணக்கிடுங்கள்

பின்பக்கத்தில் எழுதியிருக்கும் வாட்ஸை 230-ஆல் வகுத்தால் ஆம்ப்ஸ். 500 வாட்ஸ் என்று போட்ட ஏவி ரிசீவருக்கு (டிவியையும் ஸ்பீக்கர்களையும் இணைக்கும் ஆம்ப்) 2.2 ஆம்ப்ஸ்தான் வருகிறது. 0.75 ஸ்கொயர் எம்எம் (வயரின் குறுக்குவெட்டுப் பரப்பு) செம்பு வயர் 6 ஆம்ப்ஸைத் தாராளமாகத் தாங்கும். ஆகவே 2 மீட்டர் வரை 0.75 போதும். அதற்கு மேல் நீளம் வேண்டுமென்றால் 1 ஸ்கொயர் எம்எம் எடுங்கள். பெரிய பவர் ஆம்ப்புக்கு 1.5.

இன்னும் தடியாகப் போட்டால் ஒலி மாறுமா? மாறாது. ஒன்றரை மீட்டர் நீளமுள்ள 0.75 கார்டில் போக, வர 3 மீட்டர் செம்பு இருக்கிறது. அதன் ரெசிஸ்டன்ஸ் ஏறத்தாழ 0.08 ஓம். 2.2 ஆம்ப்ஸ் ஓடும்போது 0.2 வோல்ட்கூடக் குறையாது. மாலை நேரத்தில் தெருவில் மோட்டார் ஓடினால் லைன் வோல்டேஜே அதைவிடப் பல மடங்கு ஏறி இறங்கும். தவிர, மெயின் போர்டிலிருந்து சுவருக்குள் எத்தனையோ மீட்டர் சாதாரண வயர் ஓடி வருகிறது; கருவிக்குள் போனதும் டிரான்ஸ்ஃபார்மர், ரெக்டிஃபையர், கெப்பாசிட்டர் எல்லாம் சேர்ந்து அந்தக் கரண்டை டிசியாக (ஒரே திசையில் ஓடும் கரண்டாக) மாற்றிவிடுகின்றன. கடைசி ஒன்றரை மீட்டரில் செலவழிக்கும் பணத்தை ஸ்பீக்கரில் போடுங்கள்.

படி 3: கார்டைக் கையில் எடுத்துச் சோதியுங்கள்

உறையின் மேல் ‘3 × 0.75’ அல்லது ‘3ஜி1.0’ (எர்த்தோடு மூன்று வயர், ஒவ்வொன்றும் 1 ஸ்கொயர் எம்எம்) என்று அச்சிட்டிருக்க வேண்டும். ஐஎஸ்ஐ முத்திரை இருக்கிறதா என்றும் பாருங்கள். எதுவுமே எழுதாத கார்டை வாங்காதீர்கள். ஒரு சிறிய காந்தத்தை பின்களிலும் கார்டின் உடலிலும் வைத்துப் பாருங்கள். பித்தளையும் செம்பும் ஒட்டாது. ஒட்டினால் உள்ளே இரும்பு. அலுமினியத்தைக் காந்தம் காட்டிக்கொடுக்காது. மீட்டர் கணக்கில் வெட்டி வாங்கும் வயராக இருந்தால் ஒரு இழையைக் கத்தியால் சுரண்டுங்கள்: செம்பு நிறம் போய் வெள்ளை தெரிந்தால் அது செம்புப் பூச்சு போட்ட அலுமினியம்.

மல்டிமீட்டர் இருந்தால், எங்கும் செருகாமல் வைத்து, பிளக்கின் தடித்த எர்த் பின்னுக்கும் மறுமுனையின் நடு ஓட்டைக்கும் கண்டினியூட்டி (வயர் அறுபடாமல் தொடர்கிறதா என்று) பாருங்கள். பீப் வரவேண்டும். எர்த் வயரே இல்லாமல் மூன்று பின் பிளக் மட்டும் வைத்த கார்டுகள் சந்தையில் இருக்கின்றன.

படி 4: பிளக்கும் சாக்கெட்டும்

கெட்டுப்போவது பெரும்பாலும் இங்கேதான். தளர்ந்த சாக்கெட்டில் அரை ஓம் ரெசிஸ்டன்ஸ் இருக்கிறது என்று வையுங்கள். 3 ஆம்ப்ஸ் ஓடும்போது அந்த ஒரே புள்ளியில் 4.5 வாட்ஸ் சூடு. பிளக்கின் பின் கறுக்கும், அடிப்பகுதி பழுப்பேறும், பிளாஸ்டிக் கருகும் வாடை வரும். செருகும்போது வழுவழுவென்று உள்ளே போனால் சாக்கெட்டை மாற்றுங்கள். 6 ஆம்ப்ஸ் பிளக்கை 16 ஆம்ப்ஸ் சாக்கெட்டில் குச்சியோ காகிதமோ வைத்து இறுக்குவது தீ விபத்துக்கு வழி.

பிளக்கை நீங்களே பூட்டுவதாக இருந்தால்: பழுப்பு ஃபேஸ், நீலம் நியூட்ரல், பச்சை-மஞ்சள் எர்த். எர்த் வயரை மற்ற இரண்டைவிட ஒரு சென்டிமீட்டர் நீளமாக விடுங்கள். யாராவது காலில் இடறி இழுத்தாலும் அது கடைசியாகத்தான் அறும். இழைகளை முறுக்கி, மடித்து, திருகுக்கு அடியில் வையுங்கள். ஈயம் பூசி இறுக்கக் கூடாது. ஈயம் மெதுவாக நசுங்கிக்கொண்டே போகும், சில மாதத்தில் திருகு தளர்ந்துவிடும். உறைக்கு மேல் விழும் கிளாம்ப்பை மறக்காமல் இறுக்குங்கள்.

படி 5: சுவரில் எர்த் இருக்கிறதா?

ஆம்ப்பின் உலோகப் பெட்டியைத் தொட்டால் விரலில் சுர்ரென்று இருக்கிறதா? பல கருவிகளின் உள்ளே இரைச்சல் வடிகட்டும் கெப்பாசிட்டர்கள் பெட்டியோடு இணைந்திருக்கும். எர்த் இல்லாவிட்டால் அவை வழியாக ஏறத்தாழ பாதி வோல்டேஜ், 115 அளவில், பெட்டிக்கு வரும். கரண்ட் மிகக் குறைவு என்பதால் சுர்ரென்பதோடு நிற்கிறது. உள்ளே ஏதாவது ஷார்ட் ஆனால் அப்படி நிற்காது. எலக்ட்ரீஷியனை அழைத்து சாக்கெட்டில் அளக்கச் சொல்லுங்கள்: ஃபேஸ்-எர்த், ஃபேஸ்-நியூட்ரல் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றாக இருக்க வேண்டும், நியூட்ரல்-எர்த் ஓரிரு வோல்ட்டுக்குள். ஃபேஸ்-எர்த்தில் 100, 150 என்று வந்தால் எர்த் அறுந்திருக்கிறது.

படி 6: வயரிங் போடுவதும் ‘ம்ம்ம்’ சத்தமும்

ஆம்ப் நேராகச் சுவர் சாக்கெட்டில். மற்ற சிறு கருவிகள் அதே சுவிட்ச் போர்டிலிருந்து ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில். ஒரு பாக்ஸில் இன்னொரு பாக்ஸைச் செருகாதீர்கள். பவர் கார்டையும் ஆர்சிஏ வயரையும் (ஆடியோ சிக்னல் கொண்டுபோகும் வயர்) சேர்த்துக் கட்டாமல் ஒரு சாண் தள்ளி விடுங்கள். குறுக்கே போக வேண்டியிருந்தால் செங்குத்தாகக் கடக்கட்டும். மிஞ்சும் நீளத்தை இறுக்கிச் சுருட்டாமல் தளர்வாக விடுங்கள்.

இதற்குப் பிறகும் ஸ்பீக்கரில் ‘ம்ம்ம்’ கேட்டால், எல்லா ஆடியோ வயரையும் கழற்றி ஆம்ப்பையும் ஸ்பீக்கரையும் மட்டும் வைத்துக் கேளுங்கள். பிறகு ஒவ்வொன்றாகச் சேருங்கள். செட்-டாப் பாக்ஸ் சேர்ந்ததும் சத்தம் வந்தால் அதன் பின்னால் திருகிய கேபிள் வயரைக் கழற்றுங்கள். சத்தம் நின்றுவிட்டால் இரண்டு எர்த்துக்கு நடுவே வளையம் உண்டாகியிருக்கிறது என்று அர்த்தம். கேபிள் வயரில் ஒரு கிரவுண்ட் ஐசோலேட்டர் (அந்த வளையத்தைத் துண்டிக்கும் சிறு கருவி) போட்டால் தீரும். எர்த் பின்னை உடைத்தாலும் சத்தம் நிற்கும், பெட்டியைத் தொடுபவரின் உயிருக்குப் பாதுகாப்பும் அதோடு போய்விடும். அதை ஒருநாளும் செய்யாதீர்கள்.

கரண்ட் போய் இன்வெர்ட்டரில் ஓடும்போது மட்டும் கரகரவென்ற சத்தம் வந்தால் அது ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டரின் வேலை. அதற்கு சைன் வேவ் இன்வெர்ட்டர்தான் வழி, கார்டை மாற்றிப் பயனில்லை.