முற்றத்துக்கு இறங்கச் சாய்தளம்
வளவிலிருந்து (முற்றத்தைச் சுற்றியுள்ள தாழ்வாரம்) வீட்டு நடுவில் வானம் பார்த்த முற்றத்துக்கு 6 அங்குல இறக்கம். சக்கர நாற்காலிக்காக முதலில் 3 அடியில் சாய்தளம் போட்டது தப்பு. இறங்கும்போது தள்ளுபவரையும் சேர்த்து இழுத்தது. உடைத்துவிட்டு 1 அங்குல இறக்கத்துக்கு 12 அங்குல நீளம் என்ற கணக்கில் 6 அடி நீளம், 3 அடி அகலத்தில் கட்டினேன்.

ஆத்தங்குடிக் கல் (செட்டிநாட்டுப் பூவேலைத் தரை ஓடு) எவ்வளவு அழகாக இருந்தாலும் இங்கே ஆகாது, ஈரத்தில் வழுக்கும். சிமெண்டுப் பூச்சு இறுகுமுன் தென்னந்துடைப்பத்தால் குறுக்கே கீறிவிட்டால் சக்கரத்துக்குப் பிடிப்பு கிடைக்கும். இரு ஓரமும் 2 அங்குலத் திட்டு. மேல்முனையில், வளவை ஒட்டி, அடியில் குறுக்கே 3 அங்குல பிவிசி குழாய் விடாவிட்டால் கூரைத்தண்ணீர் மூலையில் தேங்கிப் பாசி பிடிக்கும். கொத்தனார் இதைத்தான் மறப்பார், பக்கத்திலேயே நில்லுங்கள்.

வெயிலுக்குப் பயந்து முற்றத்தைத் தகரத்தால் மூடாதீர்கள், சூடான காற்று வெளியேற அதுதான் வழி. 75 வாட் பழைய விசிறிக்குப் பதில் மின்சாரம் குறைவாக இழுக்கும் 30 வாட் பிஎல்டிசி (BLDC) விசிறி போதும்; ரிமோட் உண்டு, எழுந்திருக்க வேண்டாம்.