பழைய பேஸ் கிட்டார் வாங்குமுன் கழற்றிப் பாருங்கள்

ஃபெண்டர் கம்பெனியின் பழைய பேஸ் கையில் வந்தால், அது எந்த வருடத்தது என்று அறிய எல்லோரும் முதலில் சீரியல் எண்ணைத்தான் தேடுகிறார்கள். ஆனால் 1976 வரை அது பெரும்பாலும் கழுத்தைப் பிடித்திருக்கும் தகட்டில்தான் இருக்கும், நாலு ஸ்க்ரூவைக் கழற்றினால் தகடே மாறிவிடும், அதனால் அதை மட்டும் நம்பாதீர்கள்.

கழுத்தின் அடிப்பாகத்தில் தேதி முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள், அப்புறம் வால்யூம் பாட்-இன் (குமிழுக்கு அடியில் இருக்கும், ஒலி அளவைக் கூட்டிக் குறைக்கும் மின்பாகம்) பின்புற எண். 60களின் பாட் ஒன்றில் 3046633 என்றிருந்தால் 304 தயாரிப்பாளர், 66 வருடம், 33 வாரம். பேஸ் அதற்கு முன்னால் உருவாகியிருக்காது என்பதை மட்டுமே இது சொல்லும், ஏனென்றால் 1966-இன் பாட்கள் அதற்கடுத்த சில வருடங்களின் கிட்டார்களிலும் சகஜம். சால்டர் (ஒயர்களை ஒட்டியிருக்கும் ஈயப் பற்று) யாரும் கைவைக்காததாகத் தெரிகிறதா என்பதும் முக்கியம், புதுசாக மினுமினுத்தால் எனக்கு உடனே சந்தேகம் வந்துவிடும்.

மாடலைப் பிரித்தறிவது சுலபம். ஃபெண்டரின் பிரிசிஷன் பேஸ் 1951-இல் ஒற்றைப் பிக்கப்போடு (கம்பியின் அதிர்வை மின் சிக்னலாக்கும் பாகம்) வந்தது, இரண்டாகப் பிளந்த பிக்கப் 1957-இல். 1960-இல் வந்த ஜாஸ் பேஸில் இரண்டு பிக்கப், நட் (கழுத்தின் தலைப்பக்கத்தில் கம்பிகள் பதியும் சின்னப் பட்டை) அருகே கழுத்தின் அகலம் சுமார் 1.5 அங்குலம்தான்; பழைய பிரிசிஷனில் பொதுவாக 1.75.