ப்ரொமிதியஸ் போட எவ்வளவு பெரிய சர்வர் வேண்டும்? வாங்கும் முன் ஒரு கணக்கு

செயலி மெதுவாக ஓடுகிறது, எந்த இடத்தில் இழுக்கிறது என்று தெரியவில்லை. சரி, ஒரு கண்காணிப்பு மென்பொருளைப் போடலாம் என்று முடிவெடுத்தவுடன் வரும் முதல் கேள்வி, எத்தனை ஜிபி ராம் எடுப்பது என்பதுதான். 4 போதும் என்பார் ஒருவர், 32 இல்லாமல் நடக்காது என்பார் இன்னொருவர். அவரவர் சேகரிக்கும் தரவைப் பொறுத்து இருவர் சொல்வதும் உண்மையாக இருக்கலாம். அதனால் நம் கணக்கை நாமே போட்டுக்கொள்வது நல்லது. இலவசமாகக் கிடைக்கும் ப்ரொமிதியஸ் (தரவைச் சேகரித்து வைப்பது), கிராஃபனா (அதை வரைபடமாகக் காட்டுவது) இரண்டையும் வைத்துப் பார்ப்போம்.

படி 1: எதைச் சேகரிக்கப் போகிறீர்கள்?

மெட்ரிக்ஸ் (எத்தனை கோரிக்கைகள், எவ்வளவு நேரம் போன்ற எண் அளவீடுகள்) மட்டும் என்றால் செலவு குறைவு. பத்துப் பேர் வந்தாலும் பத்து லட்சம் பேர் வந்தாலும் கவுன்டரில் உள்ள எண்தான் கூடும், இடம் கூடாது. ட்ரேஸ் (ஒரு கோரிக்கை செயலிக்குள் கடந்துபோகும் பாதையின் பதிவு) அப்படியில்லை. ஒவ்வொரு கோரிக்கைக்கும் தனிப் பதிவு என்பதால் கூட்டம் ஏற ஏற டிஸ்க்கும் நிறையும். புதிதாகத் தொடங்குபவர்கள் மெட்ரிக்ஸோடு ஆரம்பியுங்கள்.

படி 2: தொடர்களை எண்ணுங்கள்

மொத்தக் கணக்கும் இதில்தான் இருக்கிறது. ஒரு மெட்ரிக்கின் பெயரும் அதன் லேபிள்களும் (முகவரி, நிலைக் குறியீடு போல அதோடு ஒட்டும் அடையாளங்கள்) சேர்ந்த ஒவ்வொரு தனிச் சேர்க்கையும் ஒரு தொடர். பதில் நேரத்தை அளக்கும் ஹிஸ்டோகிராமை எடுத்துக்கொள்வோம். எந்த நேர வரம்புக்குள் எத்தனை கோரிக்கைகள் முடிந்தன என்று எண்ணுவது இது; ஒவ்வொரு வரம்பும் ஒரு பக்கெட். ப்ரொமிதியஸின் கோ (Go) நிரல்மொழி நூலகத்தில் இயல்பாகவே 11 பக்கெட்டுகள் உண்டு. முடிவிலி பக்கெட், கூட்டுத்தொகை, எண்ணிக்கை மூன்றையும் சேர்த்தால் 14 தொடர்கள். உங்கள் செயலியில் 40 முகவரிகள், 3 வகை நிலைக் குறியீடுகள் (கோரிக்கை வெற்றியா பிழையா என்று சொல்லும் எண்கள்) என்றால் 40 × 3 × 14 = 1,680. செயலி 4 பிரதிகளாக ஓடினால் 6,720. மற்ற மெட்ரிக்ஸ், சர்வர் நிலவரம் எல்லாம் சேர்த்துத் தாராளமாக 20,000 என்று வைத்துக்கொள்வோம்.

இப்போது யாராவது "பயனர் ஐடியையும் லேபிளாகப் போட்டால் வசதியாக இருக்குமே" என்பார். கண்டிப்பாக வேண்டாம். 1,000 பயனர்களும் எல்லா முகவரிகளையும் தொட்டால், அந்த 6,720 என்பது 67 லட்சத்தைத் தாண்டும். ஐடி, மின்னஞ்சல், ஆர்டர் எண் போல எல்லையில்லாமல் வளரும் எதுவும் லேபிள் ஆகக்கூடாது.

படி 3: ராம்

ஒரு தொடருக்கு 8 கேபி என்று தோராயமாக வைத்தால் பெரும்பாலும் கையைக் கடிக்காது. 20,000 தொடர்களுக்கு 160 எம்பிதான் வருகிறது. மேலே சொன்ன பயனர் ஐடி கூத்து நடந்தால் சுமார் 54 ஜிபி! கிராஃபனாவுக்குக் குறைந்தது 512 எம்பி ராமும் ஒரு கோரும் பரிந்துரைக்கிறார்கள். பெரிய வினவல்கள் ஓடும்போதும் ராம் ஏறும். எல்லாம் சேர்த்து 2 கோர், 4 ஜிபி இந்த அளவுக்குத் தாராளம்.

படி 4: டிஸ்க்

வைத்திருக்கும் நொடிகள் × நொடிக்கு வரும் மாதிரிகள் × ஒரு மாதிரியின் பைட்டுகள். இதுதான் சூத்திரம். ஒரு மாதிரி (ஒரு தொடரில் ஒருமுறை பதிவாகும் மதிப்பு) 1 முதல் 2 பைட் பிடிக்கும். நாம் 2 என்றே எடுப்போம். 15 நொடிக்கு ஒருமுறை சேகரித்தால் 20,000 ÷ 15, அதாவது நொடிக்குச் சுமார் 1,333 மாதிரிகள். இயல்பான சேமிப்புக் காலம் 15 நாள், அதாவது 12,96,000 நொடிகள். பெருக்கினால் சுமார் 3.5 ஜிபி. மூன்று மாதம் வேண்டுமென்றால் 21 ஜிபி. இது போக, இன்னும் சுருக்கப்படாத புதிய தரவுக்கும் கொஞ்சம் இடம் விடுங்கள். சேமிப்புக்கு அளவு வரம்பு வைக்கும் அமைப்பும் இருக்கிறது. ஒதுக்கிய இடத்தில் 80 விழுக்காட்டுக்கு மேல் போகாதபடி அதை அமையுங்கள்.

சேகரிக்கும் இடைவெளியை 30 நொடியாக்கினால் டிஸ்க் தேவை பாதியாகும். ஆனால் ராம் பெரிதாகக் குறையாது, ஏனென்றால் தொடர்களின் எண்ணிக்கை அப்படியேதான் இருக்கிறது. டிஸ்க் எஸ்எஸ்டியாக இருக்கட்டும். நெட்வொர்க் வழியாகப் பகிரும் என்எஃப்எஸ் டிஸ்க்கில் தரவை வைக்காதீர்கள், ப்ரொமிதியஸ் அதை ஆதரிப்பதில்லை.

படி 5: இயங்குதளமும் நெட்வொர்க்கும்

64 பிட் லினக்ஸ் எடுங்கள். சர்வர்களின் நேரம் என்டிபி (நெட்வொர்க் வழியாகக் கடிகாரத்தைச் சரிசெய்யும் முறை) மூலம் சரியாக ஒத்திசைந்திருக்க வேண்டும், இல்லையென்றால் வரைபடங்கள் குழப்பும். ப்ரொமிதியஸ் தானே போய்த் தரவை இழுத்து வருவது, எனவே அதிலிருந்து உங்கள் செயலியின் போர்ட்டுக்கு வழி திறந்திருக்க வேண்டும். இயல்பான போர்ட்டுகள்: ப்ரொமிதியஸுக்கு 9090, கிராஃபனாவுக்கு 3000, சர்வர் நிலவரத்தைத் தரும் நோட் எக்ஸ்போர்ட்டருக்கு 9100. இதில் 9090-ஐ இணையத்துக்குத் திறந்துவிடாதீர்கள், நீங்களாக அமைக்காதவரை அதில் கடவுச்சொல் எதுவும் கேட்காது. அப்புறம், செயலி ஓடும் அதே சர்வரில் இதையும் போட வேண்டாம். அது விழும்போது, ஏன் விழுந்தது என்று சொல்ல வேண்டியதும் சேர்ந்து விழும்.

படி 6: ஓடவிட்டுச் சரிபாருங்கள்

சின்ன மெஷினில் ஒரு வாரம் ஓடவிடுங்கள். ப்ரொமிதியஸ் தன்னைப் பற்றியும் மெட்ரிக்ஸ் தரும். அதில் ஹெட் சீரிஸ் (இப்போது ராமில் இருக்கும் தொடர்களின் எண்ணிக்கை) என்ற எண்ணை உங்கள் 20,000-த்தோடு ஒப்பிடுங்கள். பல மடங்கு கூடுதலாக இருந்தால் ராம் வாங்க ஓடாதீர்கள். ப்ரொமிதியஸின் நிலைப் பக்கத்தில், அதிகத் தொடர்களை உண்டாக்கும் மெட்ரிக்ஸும் லேபிள்களும் வரிசையாக இருக்கும். பட்டியலின் உச்சியில் இருப்பதிலிருந்து வெட்டத் தொடங்குங்கள்.