பிளேட்டை விட்டு மலிவு மின் சேவருக்கு மாறுகிறவர்களுக்கு: வன்னி வெயிலுக்கும் கிணற்றுத் தண்ணிக்கும் ஏற்ற செய்முறை

பிளேட்டால் இழுத்த கன்னம் மாதிரி வழுவழு என்று இருக்க வேண்டும் என்று நினைத்தால் மின் சேவர் வாங்க வேண்டாம், காசு மிச்சம். இதை முதலே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் வாங்கிய ஒரு கிழமையிலேயே "இது சரிவராது" என்று அலுமாரிக்குள் போடுகிறவர்கள் எல்லோரும் இந்த ஒரு எதிர்பார்ப்பில்தான் விழுகிறார்கள். மின் சேவரில் கத்தி தோலைத் தொடுவதே இல்லை. கத்திக்கும் தோலுக்கும் நடுவில் ஓட்டை ஓட்டையாக ஒரு மெல்லிய தகடு இருக்கிறது, முடி அந்த ஓட்டைக்குள் நுழைந்த பிறகுதான் உள்ளே ஓடுகிற கத்தி அதை வெட்டும். அப்படியென்றால் தகட்டின் பருமன் அளவுக்கு முடி எப்போதும் மிஞ்சும். விலை கூடிய சேவரில் தகடு மெல்லியது, மிச்சமும் குறைவு. மலிவானதில் பின்னேரம் கன்னத்தைத் தடவினால் சொரசொரக்கும், அவ்வளவுதான் வித்தியாசம்.

பிறகு ஏன் மாற வேண்டும்? வட இலங்கையில் எங்கள் வன்னிப் பக்கத்துத் தண்ணியைக் கேட்டால் சொல்லும். கேத்தலுக்குள் எட்டிப் பாருங்கள், அடியில் வெள்ளையாகப் படிந்திருக்கும். அந்தத் தண்ணியில் சவுக்காரம் நுரைக்காது, நுரை இல்லாத முகத்தில் பிளேட் வழுக்காது, பிறகு கழுத்து முழுக்க எரிவும் சிவப்புப் பருக்களும். சுருண்ட முடி உள்ளவர்களுக்கு இன்னும் கரைச்சல். ஒட்ட வெட்டிய முடி திரும்ப வளரும்போது தோலுக்குள்ளேயே சுருண்டு குத்திப் பருவாகி நிற்கும். சேவர் முடியைக் கொஞ்சம் மிச்சம் விடுவது இவர்களுக்கு நல்லதுதான். மற்றது, நுரையும் வேண்டாம், வெட்டுக்காயமும் இல்லை, காலையில் பஸ்ஸுக்கு நிற்கும் அவசரத்திலும் முடித்துவிடலாம்.

சரி, செய்முறைக்கு வருவோம்.

படி 1: கடையில் எதைப் பார்ப்பது

சேவர் இரண்டு வகை. ஒன்று நீளமான வலைத்தகடு உள்ளது, உள்ளே கத்தி இடமும் வலமுமாக அதிரும். மற்றது வட்டத் தலை, உள்ளே கத்தி சுழலும். இந்த வட்டத் தலையை பிலிப்ஸ் 1939 இல் ஒற்றைத் தலையோடு விற்பனைக்குக் கொண்டுவந்தது, இப்போது சந்தையில் மூன்று, ஐந்து, ஏழு தலை வரைக்கும் வந்துவிட்டது. மலிவுச் சேவரில் தலை கூடினால் முகம் இன்னும் வடிவாக வரும் என்று நம்ப வேண்டாம், ஏழு தலை வைத்தவை பெரும்பாலும் மொட்டை அடிக்கச் செய்தவை, நாடிக்குக் கீழே வைத்தால் பாதித் தலை காற்றில்தான் சுற்றும்.

தினமும் அல்லது ஒன்றுவிட்ட ஒரு நாள் சேவ் எடுக்கிறவராக இருந்தால் வலைத்தகடு வாங்குங்கள். நேராக இழுப்பதால் பிளேட்டுக்குப் பழகிய கைக்கு அது சுலபமாக வரும். வயல், மேசன் வேலை என்று போய் இரண்டு மூன்று நாள் விட்டு எடுக்கிறவர்களுக்கு வட்டத் தலைதான் பரவாயில்லை, கொஞ்சம் நீண்ட, படுத்துக் கிடக்கிற முடியை அது நன்றாகப் பிடிக்கும்.

பெட்டியில் எழுதியிருக்கிற சுழல் வேகம், "ஜேர்மன் தொழில்நுட்பம்" எல்லாவற்றையும் விட்டுவிட்டு, மாற்று வலைத்தகடும் கத்தியும் தனியாகக் கிடைக்குமா என்று கடைக்காரரிடம் கேளுங்கள். இதுதான் முதல் கேள்வியாக இருக்க வேண்டும், தகடு கிழிந்த நாளில் சேவரும் முடிந்துவிடும் என்றால் அந்த மலிவு மலிவே இல்லை. அடுத்தது பற்றரி: லித்தியம் அயன் என்றால் எடுக்கலாம், பழைய நிக்கல் வகைகள் சார்ஜ் ஏற எட்டு மணித்தியாலம் கேட்கும். 2022 மார்ச் கடைசியில் இலங்கையில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் இல்லாமல் இருந்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. யூஎஸ்பியில் சார்ஜ் ஏறுவதாக எடுத்தால் பவர் பேங்கிலோ சின்ன சோலரிலோ போட்டுக்கொள்ளலாம். (தொண்ணூறுகளில், போர்க்காலத்தில், வன்னிக்குள் பற்றரி வரத் தடை என்பதால் சைக்கிள் டைனமோவைச் சுற்றி ரேடியோ கேட்ட ஆட்களுக்கு இதெல்லாம் ஒரு விஷயமா என்று வீட்டில் பெரியவர்கள் சிரிப்பார்கள், அது வேறு.)

கடைசியாகத் தண்ணிக் குறி. சேவரின் உடம்பிலோ தலையிலோ பைப்பில் தண்ணி விழுவது போல ஒரு படம் இருந்தால் கழுவலாம். ஐபிஎக்ஸ்7 என்று போட்டிருந்தால் ஒரு மீற்றர் ஆழத் தண்ணிக்குள் அரை மணித்தியாலம் தாங்கும் என்று அர்த்தம். இரண்டும் இல்லையென்றால் தண்ணி பக்கமே கொண்டுபோகாதீர்கள்.

படி 2: சார்ஜ்

சேவரோடு வந்த தாளில் போட்டிருக்கிற நேரம் வரைக்கும் ஒருக்கா முழுதாக ஏற்றுங்கள். சார்ஜர் இல்லாமல் வயர் மட்டும் வந்திருந்தால் சாதாரண 5 வோல்ற் போன் சார்ஜர் காணும். இரண்டு பக்கமும் யூஎஸ்பி-சி தலை உள்ள புது வயரில் போட்டால் சில மலிவுச் சேவர்கள் சார்ஜ் ஏறாது, பழுது என்று நினைத்துத் திருப்பிக் கொடுக்க ஓட வேண்டாம். ஒரு பக்கம் அகலமான பழைய தலை உள்ள வயரில் போட்டுப் பாருங்கள், ஏறும்.

தகரக் கூரைக்குக் கீழே பங்குனி, சித்திரை வெயிலில் நடுப்பகலில் சார்ஜ் போடாமல் இரவில் போடுவது நல்லது. 45 பாகை செல்சியஸைத் தாண்டிய சூட்டில் லித்தியம் பற்றரியை சார்ஜ் செய்வது அதன் ஆயுளைத் தின்னும். மோட்டார் சைக்கிள் பெட்டிக்குள், வாகனத்தின் டாஷ்போட்டில் விட்டுவிட்டுப் போவதும் அதே கதைதான்.

படி 3: முகத்தைத் தயார் பண்ணுவது

பிளேட்காரருக்கு இங்கேதான் பழக்கம் இடிக்கும். பிளேட்டுக்கு முடி ஊறி மெதுமையாக இருக்க வேண்டும், அதனால்தான் குளித்துவிட்டு வந்து சேவ் எடுப்போம். உலர் சேவருக்கு நேர்மாறு. முடி காய்ந்து விறைத்து நிமிர்ந்து நின்றால்தான் ஓட்டைக்குள் போகும். மழைக்குப் படுத்த நெல்லை அறுவடை மெசின் எப்படி விட்டுவிட்டுப் போகுமோ, ஈரத்தில் படுத்த முடியை இதுவும் அப்படியே விட்டுவிட்டுப் போகும். எனவே குளிக்கப் போகும் முன் சேவ் எடுங்கள். குளித்த பிறகுதான் என்றால் துவாயால் ஒற்றி, கால் மணித்தியாலமாவது விட்டு எடுங்கள்.

வியர்வையும் ஈரம்தான். பேசாமல் மின்விசிறிக்குக் கீழே கொஞ்ச நேரம் இருந்துவிட்டு, கன்னத்திலும் கழுத்திலும் சாதாரண முகப் பவுடரை மெல்லிசாகத் தடவுங்கள். பவுடர் வியர்வையையும் எண்ணெயையும் குடித்துவிடும், தகடு தோலில் ஒட்டாமல் ஓடும். தலைக்கு வைத்த நல்லெண்ணெய் கன்னம் வரைக்கும் வழிந்திருந்தால் முதலில் கழுவித் துடைத்துவிடுங்கள்.

முடியின் நீளம் முக்கியம். தாடி ஒரு நாளைக்கு ஏறக்குறைய 0.4 மில்லிமீற்றர் வளரும், இரண்டு நாள் முடிக்கு மேல் போனால் மலிவு வலைத்தகடு வெட்டாது, இழுக்கும். கண்ணில் தண்ணி வரும். ஐயப்பனுக்கு மாலை போட்டவர்கள், செத்தவீட்டு அந்தியேட்டிச் சடங்கு முடியும் வரைக்கும் சேவ் எடுக்காமல் இருந்தவர்கள் அந்தத் தாடியில் நேரே சேவரை வைக்கக்கூடாது. முதலில் ரிம்மரால் (முடியைக் கத்தரிக்கிற மெசின்) ஒட்ட வெட்டுங்கள், இல்லையென்றால் சலூனுக்குப் போய் இறக்கிவிட்டு வாருங்கள்.

படி 4: சேவ் எடுப்பது

விரலால் முகத்தைத் தடவி முடி எந்தப் பக்கம் படுத்திருக்கிறது என்று பாருங்கள். கன்னத்தில் பெரும்பாலும் கீழே, கழுத்தில் ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு விதமாக, சிலருக்குச் சுழி போல இருக்கும். பிளேட்டை முடி போகும் பக்கமாக இழுத்துப் பழகியிருப்பீர்கள், சேவரை எதிர்ப்பக்கமாகத் தள்ள வேண்டும்.

கழுத்தில் இருந்து தொடங்குங்கள். ஓட ஓடத் தகடு சூடாகும், கழுத்துத் தோல் மெல்லியது, ஆகவே சூடு ஏற முதல் அதை முடிப்பது புத்தி. நாடியை மேலே தூக்கி, மற்றக் கையால் தோலைக் கீழே இழுத்துப் பிடித்து, சேவரைத் தோலுக்குச் செங்குத்தாக வைத்து, வலைத்தகடு என்றால் நேராகக் குட்டிக் குட்டியாகத் தள்ளுங்கள், வட்டத் தலை என்றால் சின்ன வட்டமாகச் சுற்றுங்கள். வட்டத் தலையை நேராக இழுத்தாலும் வெட்டும்தான், ஆனால் கன இடம் விட்டுப்போகும். கழுத்து முடிந்ததும் நாடி, பிறகு மேலுதடு, கடைசியாகக் கன்னம்.

அழுத்த வேண்டாம். விட்டுப்போன இடத்தைப் பார்த்ததும் கை தானாக அழுத்தும். அழுத்தினால் தோல் ஓட்டைக்குள் புடைத்து வரும், கத்தி அதைச் சுரண்டும், முடி அங்கேயே நிற்கும். தகடு தோலைத் தொட்டால் காணும். "சர்ர்" என்ற வெட்டும் சத்தம் வந்துகொண்டிருந்தால் முடி உள்ளே போகிறது, மோட்டர் சத்தம் மட்டும் கேட்டால் அந்த இடம் முடிந்தது என்று அடுத்த இடத்துக்குப் போங்கள். தொண்டைக்குழிக்கு மேலே நாலைந்து முடி கடைசி வரைக்கும் நிற்கும், எல்லோருக்கும் நிற்கும். எதிர்ப்பக்கத்தால் ஒருக்கா, குறுக்கால ஒருக்கா, அதற்குப் பிறகும் நின்றால் நாளைக்குப் பார்க்கலாம்.

மீசைக் கரையையும் கிருதாவையும் சேவரோடு வருகிற சின்ன ரிம்மரை நம்பிச் செய்ய வேண்டாம். மலிவுச் சேவரில் அந்தப் பகுதி பேருக்குத்தான் இருக்கும். பழைய ரேசரால் கோடு பிடித்துவிடுவதே சுகம்.

படி 5: முடித்த பிறகு

குளிர்ந்த தண்ணியால் கழுவித் துடைத்தால் சரி. பிளேட்டுக்குப் பழகியவர்கள் கை நீட்டுகிற படிகாரம் இங்கே தேவைப்படாது, வெட்டு இல்லையே. ஸ்பிரிட் கலந்த ஆஃப்டர்சேவ் முதல் சில கிழமைகளுக்கு வேண்டாம், வாசம் இல்லாத கிரீம் ஏதாவது மெல்லிசாகப் பூசினால் போதும்.

அந்த முதல் சில கிழமைகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். தோல் பழகுவதற்கு இரண்டு மூன்று கிழமை, சிலருக்கு ஒரு மாதம் ஆகும் என்று சேவர் செய்கிற கம்பனிகளே எழுதி வைத்திருக்கின்றன. அதுவரைக்கும் சிவக்கும், கடிக்கும், கழுத்தில் திட்டுத்திட்டாக முடி நிற்கும். ஒரு நாள் சேவர், மறுநாள் முழு முகத்துக்கும் பிளேட் என்று மாறி மாறிப் போட்டால் பழகவே பழகாது. கலியாண வீடு இல்லாத மாதமாகப் பார்த்துத் தொடங்குங்கள். ஒரு மாதம் தாண்டியும் பருவும் எரிவும் குறையவில்லையென்றால் அந்தச் சேவர் உங்கள் தோலுக்கு ஒத்துவரவில்லை, பிளேட்டுக்குத் திரும்புவதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

படி 6: துப்புரவு

ஒவ்வொரு முறையும் நிறுத்திவிட்டுத் தலையைக் கழற்றி, தூளைத் தட்டிக் கொட்டுங்கள். கத்தியை அவர்கள் தந்த குட்டி பிரஷால் துடைக்கலாம், வலைத்தகட்டில் பிரஷ் போடவே கூடாது. விரல் நகம் பட்டாலே நசியும், நசிந்த தகடு சீக்கிரம் கிழியும். தட்டுவதும் உள்ளங்கையில், பேசின் விளிம்பில் இல்லை.

கழுவக்கூடிய சேவர் என்றாலும் தினமும் கிணற்றுத் தண்ணியில் கழுவ வேண்டாம் என்பேன். கேத்தலில் படிகிற அதே வெள்ளை இந்த நுண்ணிய ஓட்டைகளிலும் படியும், பிறகு முடி உள்ளே போக வழி இல்லை. கிழமைக்கு ஒருக்கா, குடிக்க வாங்குகிற வடிகட்டிய தண்ணியில் ஒரு கப், அல்லது மாரியில் பிடித்து வைத்த மழைத்தண்ணி, ஒரு துளி திரவச் சவுக்காரம், அவ்வளவு போதும். சார்ஜர் வயரைக் கழற்றிய பிறகுதான் தண்ணி. கழுவியதும் தலையைத் திறந்தபடி நிழலில் காயவைத்து, காய்ந்த பிறகு தையல் மெசின் எண்ணெய் ஒரே ஒரு துளி கத்தியில் விட்டுச் சில விநாடி ஓடவிடுங்கள். சமையல் எண்ணெய் விட்டால் நாளடைவில் பசையாகி இறுகும்.

சோளகக் காற்றுக் காலத்தில் கிரவல் றோட்டுப் புழுதி எதையும் விட்டுவைக்காது. மூடியைப் போட்டு ஒரு துணிப் பைக்குள் வைத்துக் கட்டுங்கள், கண்ணாடிக்குப் பக்கத்தில் சும்மா கிடந்தால் மணல் தகட்டுக்குள் போய்க் கத்தியை மழுக்கும்.

வீட்டில் தம்பி, மச்சான் கேட்டால் கொடுக்காதீர்கள். இரத்தம் தெரியாவிட்டாலும் தோல் உரசப்படுகிறது, பிளேட்டால் பரவக்கூடிய ஹெபடைட்டிஸ் பி மாதிரியானவை இதிலும் பரவ இடமுண்டு.

தகட்டில் ஒரு ஓட்டை கிழிந்தாலும் அன்றோடு நிறுத்துங்கள், அந்த ஓரம் பிளேட்டைவிட மோசமாக வெட்டும். ஒரே இடத்தை அடிக்கடி ஓட்ட வேண்டி வருகிறது, முடியை இழுக்கிறது, முன்னைவிடச் சூடாகிறது என்றால் கத்தி மழுங்கிவிட்டது. நல்ல கம்பனிகள் ஒன்று முதல் இரண்டு வருடத்துக்கு ஒருக்கா தகட்டையும் கத்தியையும் மாற்றச் சொல்கின்றன. மலிவானது அவ்வளவு காலம் இழுக்குமா என்பது பாவிக்கிற விதத்தைப் பொறுத்தது. மாற்றும்போது தகட்டையும் கத்தியையும் சேர்த்தே மாற்றுங்கள், பழைய கத்திக்குப் புதுத் தகடு சரியாகப் பொருந்தாது. கிளிநொச்சியிலோ வவுனியாவிலோ சேவர் வாங்குகிற அன்றைக்கே மாற்றுத் தகட்டையும் கத்தியையும் கேட்டு எடுத்து வைப்பது நல்லது, அடுத்த முறை போகும்போது அந்த மொடல் கடையில் இருக்காது.