கருவறையில் இருப்பது எந்த அம்மன்? வடிவம் பார்த்துச் சொல்லும் முறை

கோயில் முகப்பில் மாரியம்மன் என்று எழுதியிருக்கும். உள்ளே காலடியில் எருமைத் தலை, தோளுக்கு நாலு கை என்று துர்க்கை நிற்பாள். பெயர் ஊர் வைத்தது, உருவம் சிற்பி செதுக்கியது. இரண்டும் ஒரே காலத்தில் நடந்திருக்க வேண்டும் என்பதில்லை. அதனால் பெயர்ப் பலகையை ஒதுக்கிவிட்டுச் சிலையைப் பார்த்தே அம்மன் யாரென்று சொல்லப் பழக வேண்டும். பார்க்கும் வரிசை முக்கியம்: முதலில் கால், பிறகு இருக்கை, பிறகு கை, கடைசியில் தலை. முகத்தில் ஆரம்பித்தால் தவறத்தான் செய்யும். முகம்தான் அதிகமாக அலங்காரத்துக்கு உட்படுவது.

போகும் நேரம் சரியாக இருந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி. அலங்காரம் முடிந்தபின் போனால் பட்டும் மாலையும்தான் தெரியும். காலை அபிஷேகத்துக்குப் போய் நில்லுங்கள். முந்தின நாள் மாலையைக் கழற்றித் தண்ணீர் ஊற்றும் அந்தச் சில நிமிஷம் கல் தெரியும். திரை போடும் கோயிலாக இருந்தால் திரை விலகும்வரை காத்திருங்கள். ஆடி வெள்ளி, அமாவாசை, சந்தனக்காப்பு நாள் மூன்றும் இந்த வேலைக்கு ஆகாது. சந்தனக்காப்பில் தெரியும் கண்ணும் வாயும் அன்றைக்குப் பூசாரி வைத்தவை. வெள்ளி அங்கியில் இருக்கும் கோரைப்பல்லும் அப்படித்தான். கல்லில் பல் இருக்கிறதா என்பதே கேள்வி. உற்சவரைப் பார்த்து மூலவரைச் சொல்வதும் தவறு. செப்புத் திருமேனி பின்னால் வேறு காலத்தில் செய்ததாக இருக்கலாம், கைகளின் எண்ணிக்கையே மாறலாம்.

கருவறையில் விளக்கு வெளிச்சம் போதாது. தீபாராதனைதான் நமக்குக் கிடைக்கும் வெளிச்சம். தட்டு மேலும் கீழுமாகச் சுற்றும்போது எல்லாரும் முகத்தைப் பார்ப்பார்கள். நீங்கள் முதல் சுற்றில் காலடியை மட்டும் பாருங்கள், அடுத்த சுற்றில் கைகளை. வெளியே வந்ததும் நோட்டில் குறித்துவிடுங்கள். அடுத்த கோயிலுக்குப் போய்விட்டால் இரண்டும் கலந்துவிடும்.

காலடியில் வெறும் எருமைத் தலை இருந்து, அம்மன் அதன்மேல் இரு காலும் ஊன்றி நேராக நின்றால் அது போர் முடிந்த துர்க்கை. ஒரு கால் மிதித்து, சூலம் கீழே பாய்ந்து, எருமையின் கழுத்திலிருந்து மனித உருவம் பாதி வெளிவந்திருந்தால் போர் நடந்துகொண்டிருக்கும் மகிஷாசுரமர்த்தினி. எருமையே இல்லாமல் மனித உடம்போடு ஓர் அசுரன் மல்லாந்து கிடந்தால் காளி பக்கம் யோசியுங்கள். மாரி பெரும்பாலும் உட்கார்ந்திருப்பாள்: ஒரு கால் மடக்கி, மற்றது தொங்கவிட்டு. தொங்கும் பாதத்தின் கீழ் வெட்டுண்ட தலை இருப்பது உண்டு. அதில் கொம்பு இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். கொம்பு இருந்தால் அது எருமைத் தலை, கதை மாறும்.

ஆனைமலை மாசாணியம்மன் இந்தக் கணக்கில் எதிலும் வரமாட்டாள். நிற்பதும் இல்லை, உட்கார்ந்திருப்பதும் இல்லை. தெற்கே தலை வைத்துக் கிடக்கும் கோலம். அங்கே நீதிக்கல்லில் மிளகாய் அரைத்துப் பூசுவது வேறெந்த அடையாளத்தையும்விடப் பிரசித்தம்.

வாகனத்தைக் கடைசிச் சாட்சியாக வையுங்கள். சிங்கம் இல்லையே, இது துர்க்கையாக இருக்காது என்று முடிவு கட்டுகிறவர்கள் உண்டு. துர்க்கையின் பழைய தமிழ் வடிவமான கொற்றவைக்கு ஊர்தி கலைமான். சிலப்பதிகாரத்து வேட்டுவ வரியில் எருமைத் தலைமேல் நிற்கும் கொற்றவையோடு கலைமானும் வருகிறது. பழைய துர்க்கைச் சிலைகளில் பின்னால் ஒரு பக்கம் கொம்பு முறுக்கிய மான் நிற்பதைக் காணலாம். கோயில் மகாமண்டபத்தில் பலிபீடத்தோடு இருக்கும் சிங்கம் பிறகு வைத்ததாகவும் இருக்கலாம்.

அடுத்தது கைகள். இங்கேதான் பொறுமை வேண்டும். ஆயுதங்களை எண்ணாதீர்கள், தோளிலிருந்து பிரியும் கைகளை எண்ணுங்கள். அபிஷேகத்தில் தேய்ந்தும் உடைந்தும் போவது முதலில் ஆயுதம்தான். அம்மனின் வலது உங்களுக்கு இடது, குறிப்பெழுதும்போது இதை மாற்றிவிடக் கூடாது. முன் கை இரண்டும் அபயம் (அஞ்சாதே என்று உயர்த்திய கை), வரதம் (வரம் தரத் தாழ்த்திய கை) காட்டுகின்றனவா, ஒன்று இடுப்பில் ஊன்றியிருக்கிறதா, கபாலம் என்ற மண்டையோட்டுக் கிண்ணம் ஏந்தியிருக்கிறதா என்று தனியாகப் பாருங்கள்.

தேய்ந்த கல்லில் குழப்புகிறவை இவை. பாசமும் பாம்பும் ஒன்றுபோல் இருக்கும். பாசத்தில் கயிறு வளைந்து சுருக்காக மூடும், பாம்பில் ஒரு நுனி படமாக விரியும். உடுக்கைக்கு இடை சிறுத்திருக்கும், மாரியின் உடுக்கையில் பாம்பு சுற்றியிருப்பது வழக்கம். மணியைப் பிடித்திருக்கும் கை மேலே, வாய் கீழே. கபாலம் மார்புக்கோ இடுப்புக்கோ நேராக இடக் கையில் மல்லாந்திருக்கும். அதைப் பாயசக் கிண்ணம் என்று அன்னபூரணியாக்கிவிட வேண்டாம், பக்கத்தில் கரண்டி இருக்கிறதா பாருங்கள். சங்கும் சக்கரமும் உள்ளங்கையில் இராது, இரண்டு விரல்களுக்கு நடுவே நிற்கும்.

சங்கு சக்கரம் கண்டதும் பெருமாள் என்று கும்பிட்டுப் போகிறவர்களைச் சிவன் கோயில்களில் பார்க்கலாம். வடக்குப் பக்கக் கோஷ்டத்தில், அதாவது கருவறை வெளிச்சுவர் மாடத்தில், நாலு கையோடு நிற்பவள் விஷ்ணு துர்க்கை. பின்கைகளில் சங்கு சக்கரம், முன் வலது அபயம், முன் இடது இடுப்பில். மார்பில் கச்சையும் பாதத்தின் கீழ் எருமைத் தலையும் இருக்கும். இந்த இரண்டையும் பார்த்துவிட்டால் சந்தேகம் தீர்ந்தது. அவளிடம் ஏன் அந்த ஆயுதங்கள் என்பதற்கு மார்க்கண்டேய புராணத்தில் வரும் தேவி மாகாத்மியம் காரணம் சொல்கிறது. 13 அத்தியாயம், 700 மந்திரம் கொண்டது அது. மகிஷனை எதிர்க்கத் தேவர்கள் ஆளுக்கொன்று கொடுத்தார்கள்: சிவன் சூலம், விஷ்ணு சக்கரம், வருணன் சங்கு, இந்திரன் வச்சிரமும் மணியும், இமவான் சிங்கம். கோவை கோனியம்மன் எட்டுக் கையில் சூலம், உடுக்கை, வாள், கபாலத்தோடு சங்கு, சக்கரம், மணி, அக்னியும் வைத்து வடக்கு நோக்கி அமர்ந்திருப்பதை இந்தக் கதையோடு சேர்த்துப் பார்த்தால், அவள் போருக்குரிய தெய்வம் என்பது விளங்கும்.

வடக்கு நோக்குவது காளிக்கும் செல்லியம்மனுக்கும் பொருந்தும் குறி. ஆனால் அது துணைச் சாட்சிதான், அதை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது.

கடைசியாகத் தலை. தீக்கொழுந்துபோல் விரியும் சுவாலை முடி காளிக்கும் உண்டு, மாரிக்கும் உண்டு. ஐந்தலை நாகம் குடை பிடித்தால் மாரி என்று சொல்லத் தோன்றும், கையில் உடுக்கையும் கபாலமும் இருந்தால் துணிந்து சொல்லலாம். காளிக்குக் கடைவாயில் கோரைப்பல், கழுத்தில் மண்டை மாலை, சில சிலைகளில் காதில் பிணக் குண்டலம்.

கண்ணைப் பழக்க நல்ல இடம் பேரூர் பட்டீசுவரர் கோயில் கனகசபை. அங்கே தூணில் ஆலங்காட்டுக் காளி இருக்கிறாள், காலை மேலே தூக்கி ஆடும் சிவனான ஊர்த்துவ தாண்டவரும் இருக்கிறார். கருவறைச் சிலைபோல் பட்டுக்குள் மறைந்திராது. கால் தூக்கிய வளைவு, விரல் நுனி, ஆயுதப் பிடி எல்லாம் பகல் வெளிச்சத்தில் நிதானமாகப் பார்க்கலாம். அங்கே ஒரு காலைப்பொழுதைச் செலவழித்துவிட்டு ஊர்க் கோயில்களுக்குப் போங்கள்.

ஏழு தாய்த் தெய்வங்களான சப்த மாதர் வரிசையில் ஒரு முனையில் வீரபத்திரர், மறுமுனையில் பிள்ளையார் இருப்பார்கள். நடுவே ஏழு பேர்: பிராமி, மாகேசுவரி, கௌமாரி, வைஷ்ணவி, வாராகி, இந்திராணி, சாமுண்டி. வாராகியைப் பன்றி முகம் வைத்துச் சொல்வது சுலபம், மூக்கு உடைந்திருந்தால்தான் சிக்கல். அப்போது கலப்பையும் உலக்கையும் தேடுங்கள். சாமுண்டி எலும்பும் தோலுமாக இருக்க வேண்டும் என்று எதிர்பார்த்தால் ஏமாறுவீர்கள். சோழர் காலத்துச் சாமுண்டி பலர் நல்ல உடற்கட்டோடு சுவாலை முடியில் இருக்கிறார்கள். ஆற்றங்கரையிலும் வாய்க்கால் மேட்டிலும் ஏழு கல்லாக நட்டிருக்கும் கன்னிமாருக்கு இந்தப் பெயர்களைக் கல்வாரியாகப் பிரித்துக் கொடுக்க வேண்டாம்.

சிலை சரியாகத் தெரியவில்லை என்றால் திருவிழாவைக் கேளுங்கள். குண்டம் இறங்குவதை (தீ மிதிப்பதை) மட்டும் அடையாளமாகக் கொள்ளாதீர்கள். பங்குனியில் பண்ணாரி மாரிக்கும் குண்டம், ஆடியில் மேட்டுப்பாளையம் வனபத்ரகாளிக்கும் குண்டம், மார்கழியில் பாரியூர் கொண்டத்துக் காளிக்கும் குண்டம், தையில் மாசாணிக்கும் குண்டம். கம்பம் நடுவது அப்படியல்ல. முக்கிளைக் கம்பத்தை அம்மனின் கணவராக நட்டு, பெண்கள் தினமும் தண்ணீர் ஊற்றி, கடைசியில் பிடுங்கி ஆற்றிலோ கிணற்றிலோ விட்டால் அது மாரி வழிபாடு. ஈரோடு பெரிய மாரியம்மனுக்கும் கரூர் மாரியம்மனுக்கும் நடப்பது அதுதான். மாசி சிவராத்திரியை ஒட்டி மயானக்கொள்ளை என்றால் அங்காளி.

நவராத்திரி அலங்காரத்தில் நவதுர்க்கை செய்யும் கோயில்கள் பெருகிவிட்டன. ஒன்பது நாளும் சிங்கத்தையே வைத்துப் பெயரை மட்டும் மாற்றுவது வருத்தமாக இருக்கிறது. சைலபுத்திரிக்குக் காளை, இரண்டு கை, சூலமும் தாமரையும். எட்டாம் நாள் மகாகௌரிக்கும் காளைதான், ஆனால் நாலு கை, சூலத்தோடு உடுக்கை. பிரம்மசாரிணிக்கு வாகனமே இல்லை, ஜபமாலையும் கமண்டலமும் போதும். ஸ்கந்தமாதாவின் மடியில் பாலமுருகன் இருந்தே ஆக வேண்டும். காளராத்திரிக்குக் கழுதை. கழுதை வைக்கக் கூச்சப்பட்டு மாற்றுவார்கள், மாற்றினால் அவள் காளராத்திரி இல்லை.

உருவமே இல்லாமல் சூலமும் வேலும் நட்டு, ஒரு கல்லுக்கு மஞ்சள் பூசிக் கும்பிடும் குலதெய்வக் கோயிலில் மேலே சொன்ன முறை எதுவும் செல்லாது. அர்ச்சனையில் பூசாரி எந்தப் பெயரை முதலில் சொல்கிறார், வகையறாப் பெரியவர்கள் எப்படிக் கூப்பிடுகிறார்கள் என்று கேட்டு, அதே சொல்லில் எழுதிக்கொள்ளுங்கள்.